ஒரு பக்கம் பளபளத்த கத்தி: பாகப்பிரிவினைக்கு வந்த பழைய வேட்டைக் கத்தி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஓர் ஊரில் பழைய ஓட்டு வீடு ஒன்று 2022இல் விற்பனைக்கு வந்தது. வாரிசுகள் மூவர். மூத்தவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் சகோதரி. இளையவர் பக்கத்து நகரத்தில் கடை வைத்திருக்கிறார். நிலம், வீடு, பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் பங்கு பேசி முடித்திருந்தார்கள். கடைசியாகப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கியபோது, வேட்டித் துணியில் சுற்றிய கத்தி ஒன்று தோலுறையோடு கிடைத்தது.

அந்தக் கத்தியைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து தாத்தாவுக்கு வந்தது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். மேட்டூர் அணை கட்டிய காலத்தில் சில ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர். அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. கத்திக்கும் மேட்டூருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இரும்புக் கருவிகளும் பழைய கத்திகளும் சேர்ப்பவன் நான். மதிப்புச் சொல்லும்படி என்னிடம் கேட்டவர் இளைய சகோதரர். கத்தியை யார் எடுத்துக்கொள்கிறாரோ அவர் மற்ற இருவருக்கும் ஈடு கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு தொகை வேண்டும் என்றார்.

முதல் அழைப்பும் அதில் நடந்த தவறும்

கைபேசியில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். அலகு முழுவதும் கரும்பழுப்பாக இருந்தது. பிடிக்கு அருகே, அலகு தடித்திருக்கும் இடத்தில், ஆங்கில எழுத்துகள் இரண்டு வரியாகக் குத்தப்பட்டிருந்தன. கீழ்வரி ‘சேலம்’ என்று தெளிவாகத் தெரிந்தது. மேல்வரியில் சில எழுத்துகள் மங்கலாக இருந்தாலும், அது ‘அர்னாச்செல்லம்’ என்று படிக்க இடம் கொடுத்தது. அருணாசலம் என்ற பெயரை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படித்தான் ஆக்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் பட்டறை வைத்திருந்த அந்தக் கொல்லரின் வேட்டைக் கத்திகளையும் பன்றி வேட்டை ஈட்டிகளையும் வெள்ளைக்கார அதிகாரிகள் தேடி வாங்கினார்கள். இன்றும் அந்த முத்திரையைத் தேடுபவர்கள் உண்டு.

நான் உடனே அழைத்துப் பேசினேன். “சேலத்து முத்திரை மாதிரி தெரிகிறது. உண்மையாக இருந்தால் நல்ல விலை பெறும். அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கிறேன்” என்றேன்.

சொன்னது அவ்வளவுதான். கத்தியைத் துடைக்காதீர்கள், சாணை பிடிக்காதீர்கள், உறையில் போட்டு எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் போக முடிந்தது.

நேரில் கண்டது

கத்தியை ஊஞ்சல் பலகையில் ஒரு செய்தித்தாளின் மேல் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. திருப்பினேன். மறுபக்கம் பழைய கரும்பழுப்பு அப்படியே இருந்தது.

நல்ல விலை என்று நான் சொன்னதைக் கேட்ட இளையவர், வாங்க வருபவர் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் முடிந்த நேரத்தில் சகோதரிக்குத் தெரிய வந்து, “தாத்தா இருந்தவரைக்கும் அதை யாரும் தேய்த்ததில்லை, நிறுத்தச் சொல்” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அதனால்தான் மறுபக்கம் தப்பியது. ஆனால் முத்திரை இருந்தது தேய்த்த பக்கத்தில்.

ஜன்னலை மூடிவிட்டு, டார்ச் விளக்கை அலகோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். மேல்வரியின் நடுவே நான்கு எழுத்துகளின் கீழ்ப்பாதி, நகக்கீறல் போலத் தெரிந்தது. கீழ்வரியில் கடைசி மூன்று எழுத்துகள் மிஞ்சியிருந்தன. சக்கரம் ஓடிய திசையில் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கி வழிந்திருந்தன. விளக்கை நேராகப் பிடித்தால் அங்கே எழுத்து இருந்ததே தெரியாது.

கறுத்த பக்கத்தில் பார்க்க நிறைய இருந்தது. அலகின் முதுகை ஒட்டிச் சிறு அரக்கோடுகள். அரத்தைக் கையால் தள்ளித் தள்ளி எடுத்த தடம் என்பதால் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. முனையை நெருங்க நெருங்கச் சாய்ந்துகொண்டே போயின. வாய்ப்பகுதியில் இரண்டு இடங்களில், பழைய நாளில் யாரோ கல்லில் தீட்டிய பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேலும் அதே கருமை படிந்திருந்தது. ஆகவே கடைசியாகத் தீட்டியும் பல காலம் ஆகியிருக்க வேண்டும். இரும்பின் மேல் மெல்ல ஏறும் இந்தக் கருமை துரு அல்ல. அது இரும்பைத் தின்னாமல் மேலே ஒரு தோலாக நின்றுவிடுகிறது. தின்னும் செந்துரு, உறையின் வாய் உரசும் இடத்தில் மிளகளவில் இரண்டு புள்ளியாக மட்டும் இருந்தது.

அளவுகள்: மொத்த நீளம் 12½ அங்குலம், அலகு 7¾ அங்குலம், அகலம் 1⅜ அங்குலம், முதுகின் தடிப்பு அடியில் 5 மில்லிமீட்டர். பித்தளையில் கைக்காப்பு, பித்தளைப் பூண். பிடியைப் பற்றி மெதுவாக அசைத்தால் இம்மி அளவு ஆடியது. பூணின் விளிம்பில் கருஞ்சிவப்பாக அரக்கு தெரிந்தது. அலகின் வாலைப் பிடிக்குள் அரக்கு உருக்கி ஊற்றி நிறுத்துவது நம் கொல்லர்களின் பழைய வழக்கம். காலப்போக்கில் அரக்கு வற்றிச் சுருங்கியிருந்தது.

அரண்மனைக் கதை ஏன் நிற்கவில்லை

மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின், 1855இல் தஞ்சாவூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1860களில் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. எழும்பூரில் அந்த ஆயுதங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கட்டாரியின் கைப்பிடியில், வாளின் குமிழில், யாளியும் கொடியும் செதுக்காத இடம் குறைவு. நம் முன்னால் இருந்ததோ வெள்ளைக்கார வேட்டைக்காரர் கேட்ட வடிவத்தில் செய்த, அலங்காரம் ஏதுமில்லாத கத்தி. மான் தோலை உரிக்கவும், விழுந்த விலங்கின் உயிரை முடிக்கவும் செய்தது. அரண்மனைக்கும் இதற்கும் உறவு இருப்பதாகக் கத்தியில் எந்தத் தடயமும் இல்லை.

இதைச் சொன்னபோது மூத்தவருக்கு வருத்தம். ஆனால் சகோதரி எழுந்து உள்ளே போய், அதே தகரப் பெட்டியிலிருந்த தாத்தாவின் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டார். மூன்று மணி நேரம் நால்வரும் புரட்டினோம். பிரஜோற்பத்தி வருஷம், மார்கழி மாதக் கணக்கில், அரிசிக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவே ஒரு வரி இருந்தது: “சேலம் துரை சாமான் ஏலம், மான்கொம்புக் கத்தி உறையுடன் 1, ரூ. 6–8–0.” விலை ஆறு ரூபாய் எட்டணா. ஆங்கிலக் கணக்கில் 1931 டிசம்பரோ 1932 ஜனவரியோ. ஊர் திரும்பும் வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவது அன்று வழக்கம். எந்தத் துரை என்று தாத்தா எழுதவில்லை.

என் பார்வையில் அன்று கிடைத்த பொருள்களில் மிக உயர்ந்தது அந்த வரிதான். அமெரிக்காவில் வேட்டைக் கத்திக்கு விலை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம், செய்தவரைப் பற்றிய செய்தி தொடர்ச்சியாகக் கிடைப்பது. மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் செய்த ஒரு கத்தியால் 1937இல் ஒருவர் படகுப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அலகு மழுங்காததைக் கண்டு அதை வாங்கிய போ ராண்டல் தானே கத்தி செய்யத் தொடங்கினார் என்பது அங்கே சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த வரலாறு. ராண்டல் கத்திகளுக்கு எண் வாரியாக மாதிரிகளும் விலைப்பட்டியல்களும் உண்டு. நம் கொல்லர்களுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அரிசிக் கணக்கில் வந்த ஒற்றை வரி நமக்கு அவ்வளவு பெரிது. ஆனாலும் அது கத்தி இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளை மட்டுமே சொல்கிறது. செய்தவரைச் சொல்ல வேண்டியது முத்திரை. அந்த முத்திரைதான் சக்கரத்தில் போனது.

கொம்பு என்ற சொல்லுக்குள் இருக்கும் சிக்கல்

மாட்டுக்கும் கொம்பு என்கிறோம், மானுக்கும் கொம்பு என்கிறோம். பொருளாக இரண்டும் வேறு. மாட்டுக் கொம்பும் எருமைக் கொம்பும் நகத்தைப் போன்ற பொருள். உள்ளே கூடாக இருக்கும், அடுக்கடுக்காக உரியும், மெல்லிய விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும். மான் கொம்பு முழு எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. வெளியே வரிவரியான பள்ளமும் மேடும், உள்ளே கடற்பஞ்சு போன்ற நுண்துளைகளும் இருக்கும். இந்தக் கத்தியின் பிடியில் பள்ளங்கள் பழுப்பாகவும், உள்ளங்கை பட்டுத் தேய்ந்த மேடுகள் தந்த நிறத்திலும் இருந்தன. பிடியின் அடிமுனையில் நுண்துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. கடமான் கொம்பு என்று முடிவுக்கு வந்தேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திப் பட்டறைகள்கூட இந்தியாவிலிருந்து வரவழைத்துப் பிடி போட்ட கொம்பு இது.

எருமைக் கொம்பாக இருந்திருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும். கடமான் கொம்பு என்றதும், அதை விற்க விடாத 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வந்துவிட்டது. “உதிர்ந்த கொம்புதானே, யாரும் கொல்லவில்லையே” என்று இளையவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உதிர்ந்ததா, சுட்டு எடுத்ததா என்பதைப் பிடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உதிர்ந்த கொம்பை ஏற்றுமதி செய்ய ஒரு காலத்தில் இருந்த அனுமதியையும் 1990களின் இறுதியில் நிறுத்திவிட்டார்கள்.

வந்த யோசனைகளும் எடுத்த முடிவுகளும்

அடுத்த இரண்டு வாரங்களில் நான்கு யோசனைகள் வந்தன.

முதலாவது, சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுடையது. இணையத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு இணையான விலையில் வேட்டைக் கத்திகளைப் பார்த்ததாகவும், தீபாவளிக்கு வரும்போது திருச்சி வழியாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதாகவும் சொன்னார். அவர் பார்த்தவை அமெரிக்கக் கத்திகள், அதுவும் கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. அது இருக்கட்டும். நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1931இலேயே பழைய சாமானாக ஏலத்துக்கு வந்த கத்தி நூறாண்டு கடக்கவில்லை என்று வாதாடும் துணிச்சல் எனக்கு இல்லை. கொம்பு அதற்கு மேல் இன்னொரு தடை. கூடாது என்று எழுதியே அனுப்பினேன்.

இரண்டாவது, பழம்பொருள் வியாபாரி ஒருவருடையது. தேய்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்து 12,000 ரூபாய் சொன்னவர், தேய்த்தபின் 4,000 என்றார். பிறகு அவரே, “எழுத்தை மறுபடி குத்திவிடலாம், என்னிடம் ஆள் இருக்கிறது” என்றார். இளையவர் அதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஒரு முறை அப்படிக் குத்தினால், மிஞ்சியிருக்கும் அரை எழுத்துகளும் பொய்யாகிவிடும். அதன் பிறகு இந்தக் கத்தியைப் பற்றி எவரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு, இதே முத்திரையுள்ள மற்ற உண்மையான கத்திகளின் மேலும் சந்தேகம் விழும். கூடவே கூடாது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகு சகோதரி சொன்னார்.

மூன்றாவது யோசனைதான் என்னை உண்மையில் தடுமாற வைத்தது. மூத்தவர் கேட்டார்: “கொம்புதானே தடை? பிடியைக் கழற்றிவிட்டு எருமைக் கொம்போ மரமோ போட்டால் விற்கலாம் அல்லவா?” இரண்டு நாள் யோசித்தேன். அலகு மட்டும் பிழைத்து, தகுந்த ஒருவரிடம் போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் அரக்கைச் சூடாக்கி வாலை உருவ வேண்டும். சூடு ஏறினால் அலகின் அடியில், இரும்பு உறுதிப்படக் கொல்லர் கொடுத்த தோய்ச்சலும் கெடலாம். பூணும் அரக்கும் பிடியும் அலகும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் சேர்ந்தவை என்று சொல்ல முடிகிற நிலை போய்விடும். முத்திரை பாதி போன கத்தியில் அந்தச் சேர்க்கையாவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொன்னேன்.

நான்காவது, மறுபக்கத்தையும் தேய்த்து இரண்டையும் ஒன்றாக்குவது. இதற்கு நான் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சகோதரியே கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இந்தக் கத்தி, மண் மூசைக்குள் வைத்து உருக்கிச் செய்யும் பழைய உருக்கு இரும்பா என்றும் கேள்வி வந்தது. சேலம் கஞ்சமலைத் தாதுவும் பழைய மூசை உருக்கும் புகழ் பெற்றவை என்பதால், அந்தப் பக்கத்துக் கத்தி எதுவானாலும் ‘உருக்கு’ என்று சொல்லி விலையேற்றுவது சந்தையில் வாடிக்கை. அமிலம் பூசினால் அலைக்கோலம் தெரியும் என்று ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கறுத்த பக்கத்தில் அப்படி ஒரு கோலமும் எனக்குத் தெரியவில்லை. இல்லாததைத் தேடி இருப்பதைக் கரைக்க நான் சம்மதிக்கவில்லை.

செய்தது இவ்வளவு: செந்துருப் புள்ளிகள் இரண்டில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் கூராக்கிய மூங்கில் குச்சியால் மெல்லக் கிளறி எடுத்தேன். பித்தளைக் காப்புக்குப் புளி போட வேண்டாம் என்றேன். பிடி ஆட்டத்துக்குப் பசை எதுவும் ஊற்றவில்லை. கத்தியை உறையிலிருந்து பிரித்தோம். பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். டெல்டாவின் ஐப்பசி மழையில் அது அலகை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும்.

தொடர்ந்து நடந்தது

2022 அக்டோபரில் மூவரும் கையெழுத்திட்டு, கத்தியின் படம், அளவு, கணக்குப் புத்தக வரியின் நகல் ஆகியவற்றுடன் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்தார்கள். வந்து பார்த்த அலுவலர் நிதானமாக விசாரித்தார். விற்கக் கூடாது, வாரிசு ஒருவரிடம் இருக்கட்டும், இடம் மாறினால் தகவல் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதை நாளோடும் நேரத்தோடும் குறித்து, வனத்துறைக்குக் கொடுத்த கடிதத்தின் நகலோடு சேர்த்து வைத்தோம். ஆயுதச் சட்ட வகையிலும் ஒரு குறிப்பு எழுதினேன்: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் அந்த விதிகள் ஆயுதமாகக் கொள்கின்றன, இது அந்த இரண்டு அளவையும் தாண்டவில்லை.

விற்க முடியாத பொருளுக்குச் சந்தை விலை எழுதினால் அது பொய்க் கணக்கு. அதனால் மதிப்பீட்டுத் தாளில் தொகையே எழுதவில்லை. செய்தவர் யாராக இருக்கக்கூடும், அதற்கு ஆதரவு எவ்வளவு, எது அசல், எது இழப்பு, இழப்பு எந்த நாளில் எப்படி நேர்ந்தது என்று நான்கு பக்கம் எழுதினேன். தேய்ப்பதற்கு முன் எடுத்த கைபேசிப் படங்கள் இரண்டும் அதில் முதல் சான்று. அந்தப் படங்கள் இல்லையென்றால் ‘சேலத்து முத்திரை இருந்தது’ என்பது எங்கள் நால்வரின் வாய்ச்சொல்லாக மட்டும் நின்றிருக்கும்.

தை மாதம் பத்திரம் முடிந்தது. கத்தி சகோதரிக்கு என்று பேச்சானது. ஈட்டுத் தொகை இல்லை. சட்டப்படி என்றேனும் விற்கும் நிலை வந்தால் மூவருக்கும் சம பங்கு என்று தனித்தாளில் எழுதிக்கொண்டார்கள். இளையவர் கடைசி வரை, தன்னால்தான் போயிற்று என்று மனம் நொந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் சொன்னது உண்மை: விலை என்ற சொல்லை முதலில் எடுத்தவன் நான்.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

அதற்குப் பிறகு யார் அழைத்தாலும், பொருள் என்ன என்று கேட்பதற்கு முன்பே “எதுவும் செய்யாதீர்கள்” என்று சொல்லிவிடுகிறேன். துடைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பளபளப்பு வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், முத்திரை இருந்தால் அதை மட்டும் பக்கவாட்டு விளக்கிலும் படம் எடுக்கச் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் ஊரின் பெயரையோ கொல்லரின் பெயரையோ சொல்வதில்லை. விலை என்ற சொல்லை எடுப்பதே இல்லை. பிடி என்ன பொருள் என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்கிறேன். இந்த நிகழ்வில் அதை மூன்றாவதாகப் பார்த்தேன். அதற்குள் ஒரு குடும்பம் பணத்தைப் பங்கு போடும் அளவுக்குப் போய்விட்டது. பெட்டியில் கூடவே இருக்கும் காகிதங்களைப் பொருளோடு சேர்த்தே கேட்கிறேன். சகோதரி எழுந்து போய் எடுத்துவராமல் இருந்திருந்தால், அந்தக் கணக்குப் புத்தகங்கள் மறுவாரம் எடைக்குப் போயிருக்கும். கட்டிக்கூட வைத்திருந்தார்கள்.

பளபளத்த பக்கத்தைச் செயற்கையாகக் கறுப்பாக்கலாமா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். முடியும். செய்யவில்லை. இழப்பு எங்கே நேர்ந்தது என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

சகோதரி கத்தியைப் பருத்தித் துணியில் சுற்றி, உறையைத் தனியாக ஒரு காகித உறையில் வைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் மழைக்கு முன் எடுத்துப் பார்த்து எனக்குப் படம் அனுப்புகிறார். சென்ற ஐப்பசியில் வந்த படத்தில் கறுத்த பக்கம் மாறாமல் இருந்தது. தேய்த்த பக்கத்தில், முனைக்கு அருகே, ஒரு கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. யாருடையது என்று கேட்டேன். அவர் வீட்டில் எல்லோரிடமும் விசாரித்துவிட்டு, தெரியவில்லை என்று பதில் எழுதினார்.